எட்டு மாத கார், நடுவழியில் நிற்கிறது: புது வண்டி கேட்கலாமா?

கேள்வி: சார், எட்டு மாதம் முன்பு புதுச்சேரி ஷோரூம் ஒன்றில் பெட்ரோல் கார் எடுத்தேன், ஆன்ரோடு பதினோரு லட்சம் சொச்சம். வீடு கடலூர் மஞ்சக்குப்பம், வேலை புதுச்சேரியில். மூன்றாவது மாதத்திலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும்போது இன்ஜின் ஆஃப் ஆகிவிடுகிறது. பத்து நிமிஷம் ஓரங்கட்டி நின்றால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். போன வாரம் தவளக்குப்பத்தில் நின்றபோது பின்னால் வந்த பஸ் இடிக்காதது கடவுள் செயல். சர்வீஸ் சென்டரில் முதலில் பேட்டரி மாற்றினார்கள், அப்புறம் சாஃப்ட்வேர் அப்டேட் என்றார்கள், அப்புறம் எலி கடித்திருக்கும் என்றார்கள், இப்போது “கடல் காத்து சார்” என்கிறார்கள். இந்த வண்டியே வேண்டாம், புது வண்டி கொடு என்று கேட்க முடியுமா?

பதில்: கேட்கலாம், உரிமை இருக்கிறது. ஆனால் கேட்டதும் கொடுத்துவிட மாட்டார்கள். அமெரிக்காவில் இப்படிப்பட்ட வண்டிகளுக்கென்றும், சிங்கப்பூரில் வண்டி உட்படப் பொதுவாக நுகர்பொருட்களுக்கென்றும் ‘லெமன் லா’ என்று சட்டம் வைத்திருக்கிறார்கள், திரும்பத் திரும்பப் பழுதானால் மாற்றிக் கொடு அல்லது பணத்தைக் கொடு என்று. நம் ஊரில் அப்படித் தனிச் சட்டம் கிடையாது, 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான் கை கொடுக்க வேண்டும். அதில் குறையைச் சரிசெய், பொருளை மாற்று, பணத்தைத் திருப்பு, நஷ்ட ஈடு கொடு என்று எதை வேண்டுமானாலும் நுகர்வோர் ஆணையம் உத்தரவிடலாம். ஆனால் 2006இல் உச்ச நீதிமன்றம் ஒரு கார் வழக்கில், வாரண்டி என்பது பழுதான பாகத்தைச் சரிசெய்து அல்லது மாற்றிக் கொடுப்பதோடு சரி, அதை வைத்து முழு வண்டியையும் மாற்றச் சொல்ல முடியாது என்று சொல்லியிருக்கிறது. கம்பெனி வக்கீல் முதல் நாளே அதைத் தூக்கிக்கொண்டு வருவார். அதைத் தாண்ட வேண்டுமென்றால், இது ஏதோ ஒரு பார்ட் போன கதை இல்லை, ஒரே குறை, அவர்களாலேயே சரிசெய்ய முடியாத குறை என்று நீங்கள் காட்ட வேண்டும்.

இங்கேதான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். வீட்டில் இருக்கிற ஜாப் கார்டுகளை (சர்வீஸுக்கு வண்டி விடும்போது புகாரை எழுதித் தரும் சீட்டு) எல்லாம் எடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள். நீங்கள் ஒவ்வொரு தடவையும் சொன்னது ஒன்றுதான், ஆனால் சர்வீஸ் அட்வைசர் ஒரு கார்டில் ‘ஸ்டார்ட்டிங் ப்ராப்ளம்’ என்று எழுதியிருப்பார், இன்னொன்றில் ‘பிக்கப் குறைவு’, மற்றொன்றில் வெறும் ‘ஜெனரல் செக்கப்’. காகிதத்தைப் பார்க்கிறவருக்கு இது மூன்று வேறு சின்னப் பழுதுகள், மூன்றும் சரிசெய்யப்பட்டு, கீழே ‘திருப்தி’ என்று உங்கள் கையெழுத்தும் இருக்கிறது, முடிந்தது கதை. அடுத்த தடவை வண்டி விடும்போது வாடிக்கையாளர் புகார் என்ற கட்டத்தில் இப்படி எழுதச் சொல்லுங்கள்: “ஓடிக்கொண்டிருக்கும்போது இன்ஜின் தானாக நின்றது, ஸ்டியரிங் கனத்தது, பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆனது. இதே புகார் முன்பும் கொடுத்திருக்கிறேன்.” அன்றைய கிலோமீட்டரையும் போடச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரில் அவ்வளவு நீளம் ஏறாது என்பார், பரவாயில்லை, அங்கேயே உட்கார்ந்து அதே வார்த்தைகளை அவர்கள் மெயிலுக்கு அனுப்பிவிட்டு ஜாப் கார்டு நம்பரையும் குறிப்பிடுங்கள். டெலிவரி எடுக்கும்போது கையெழுத்துக்கு மேலே ‘குறை தீர்ந்ததா என்பது ஓட்டிப் பார்த்த பிறகே தெரியும்’ என்று பேனாவால் எழுதிவிட்டுப் போடுங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

அப்புறம் ஸ்கேன் ரிப்போர்ட். இப்போதைய வண்டிகளில் கோளாறு வந்த நேரத்தில் என்ன வேகம், என்ன ஆர்பிஎம், இன்ஜின் எவ்வளவு சூடு என்பதையெல்லாம் இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), கோளாறுக் குறியீட்டோடு சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெக்கானிக் ஸ்கேனரை மாட்டி அழித்துவிட்டால் அந்தப் பதிவும் போய்விடும். ஆகவே அழிப்பதற்கு முன்னால் பிரிண்ட் வேண்டும், இல்லையென்றால் ஸ்கேனர் திரையைப் போட்டோ எடுக்க விட வேண்டும் என்று கேளுங்கள். வண்டியைப் பார்க்காமல் நான் எதையும் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் சூட்டில் நின்று ஆறியதும் ஓடுவது, இன்ஜின் சுழற்சியைக் கவனிக்கும் கிராங்க் சென்சார் போகும்போது அடிக்கடி பார்க்கிற குணம், அதற்குப் பி0335 என்ற குறியீடு வரும். ஃபியூயல் பம்ப்பும் இப்படிச் செய்யும். பேட்டரி மேல் பழி போட்டது எனக்கு ஒப்பவில்லை, இன்ஜின் ஓடும்போது கரண்ட் கொடுப்பது ஆல்டர்னேட்டர். எலி என்றால் கடித்த வயரைக் காட்டச் சொல்லுங்கள். கடல் காற்றா? கடலோரத்தில் ஷோரூம் கட்டி வண்டி விற்கிறவருக்குப் பக்கத்தில் கடல் இருப்பது விற்கும்போது தெரியவில்லையா! துருவுக்கு வேண்டுமானால் சில வாரண்டி புத்தகங்களில் அப்படி ஒரு விலக்கு இருக்கும், இன்ஜின் நிற்பதற்கு அது பதில் ஆகாது.

ஒரு முக்கியமான விஷயம், திரும்ப நின்றால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காதீர்கள், ஓரிரு மிதியில், பிரேக்கை இலகுவாக்கும் பூஸ்டரின் உதவி தீர்ந்து பிரேக் கல்லாகிவிடும். ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்து, நியூட்ரல் போட்டு, ஹசார்ட் விளக்கோடு இடது ஓரம் வந்துவிடுங்கள். தானாக ஸ்டார்ட் ஆகிவிடும் என்று காத்திருக்காமல் கம்பெனியின் ரோட்சைடு உதவிக்கு போன் போடுங்கள், அந்த டோயிங் சீட்டு பலமான சாட்சி.

சரி, அடுத்தது. டீலர், கம்பெனி தலைமை அலுவலகம் இருவருக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள், 15 நாள் கெடு போதும். ஒருவரை விட்டுவிட்டால் மற்றவர் ‘அது அவர் பொறுப்பு’ என்று கை காட்டுவார். கூடவே 1915 என்ற போன் நம்பரில் தேசிய நுகர்வோர் உதவி மையத்திலும் புகார் பதியுங்கள், அவர்களுக்கு உத்தரவு போடும் அதிகாரம் இல்லை, ஆனால் கம்பெனியில் உங்கள் ஃபைல் கொஞ்சம் மேலே போகும். இதற்கும் மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 50 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கேயே போகலாம், 10 முதல் 20 லட்சத்துக்குக் கட்டணம் 400 ரூபாய், வக்கீல் கட்டாயமில்லை. புதுச்சேரியில் வாங்கினாலும் நீங்கள் குடியிருக்கிற கடலூரிலேயே போடலாம், புதுச் சட்டத்தில் வந்த நல்ல வசதி இது. ஆனால் புதுச்சேரியில் இருக்கிற உறவினர் விலாசத்தைக் கொடுத்து பிஒய்-01 என்ற புதுச்சேரிப் பதிவு நம்பர் வாங்கியிருந்தால் முதல் வாய்தாவிலேயே அதைக் கிளப்புவார்கள், அப்படியென்றால் பேசாமல் புதுச்சேரியிலேயே போட்டுவிடுங்கள்.

உற்பத்திக் குறை என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான். நிபுணர் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி மனுவோடேயே கேளுங்கள். சட்டத்தில் பரிசோதனை உள்ள வழக்குக்கு ஐந்து மாதம் என்று இருக்கிறது, நடப்பில் இழுக்கும், மனசைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு வருடத்துக்குள் வழக்கு போட்டாக வேண்டும், அதற்காக இரண்டு வருடம் ஆறப்போடாதீர்கள். மீட்டர் ஏற ஏற ‘இவ்வளவு தூரம் ஓடிய வண்டியில் என்ன குறை’ என்ற கேள்வியும் ஏறும். மனுவில் முதல் கோரிக்கையாக மாற்று வண்டி அல்லது முழுப் பணம், அது இல்லையென்றால் பழுதைச் செலவில்லாமல் முழுசாகச் சரிசெய்து வாரண்டியை நீட்டித்து நஷ்ட ஈடு என்று இரண்டையும் கேளுங்கள். எனக்குக் கேட்டால் இரண்டாவதுதான் சீக்கிரம் கைக்கு வரும்.

கேள்வி: வண்டி பாதி நாள் சர்வீஸ் சென்டரில்தான் நிற்கிறது. கோபத்தில் இஎம்ஐ கட்டுவதை நிறுத்திவிடலாமா என்று வீட்டுக்காரர் கேட்கிறார். (அரியாங்குப்பம் வாசகி)

பதில்: வேண்டவே வேண்டாம்மா. கடன் உங்களுக்கும் பேங்குக்கும் நடுவில் உள்ள கணக்கு, வண்டி ஓடாதது பேங்கின் குற்றமில்லை. சிபில் (கடன் மதிப்பெண்) கெடும், வண்டியைத் தூக்கவும் வருவார்கள், வழக்கில் காட்ட வேண்டிய வண்டியே அப்புறம் கையில் இருக்காது. வண்டி இல்லாத நாட்களுக்கு ஆட்டோ, டாக்ஸி ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள், நஷ்ட ஈட்டில் கேட்கலாம்.

கேள்வி: ஒரு வருடமே ஓடிய வண்டியை ஒருவரிடம் செகண்ட்ஹேண்டில் வாங்கினேன், அடிக்கடி ஏசி நிற்கிறது. எனக்கு வாரண்டி உண்டா? (லாஸ்பேட்டை)

பதில்: கம்பெனி வாரண்டி பெரும்பாலும் சேசிஸ் நம்பரோடு போகும், ஆர்சி உங்கள் பெயருக்கு மாறியிருந்தால் மீதிக் காலத்துக்குக் கேளுங்கள். காசு கொடுத்து வாங்கிய கூடுதல் வாரண்டி இருந்தால் அதைத் தனியாக எழுதிக் கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். சொந்த வண்டியை விற்ற தனி ஆளை நுகர்வோர் ஆணையத்துக்கு இழுப்பது கஷ்டம், பழைய வண்டி விற்பதே தொழிலாக வைத்திருக்கிற கடை என்றால் இழுக்கலாம். முதலில் சர்வீஸ் சென்டரில் சேசிஸ் நம்பரைக் கொடுத்துப் பழைய சர்வீஸ் விவரத்தைப் பாருங்கள், முந்தைய ஓனரும் இதே ஏசிக்காக அங்கே போயிருக்கலாம்.