ஏற்காடு ஏறினால் குறையும் தண்ணீர்

வாகனப் பராமரிப்பு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நாகலூர் பக்கம் சிறிய காப்பித் தோட்டம் வைத்திருக்கிறேன். என்னிடம் 2003-ஆம் ஆண்டு டீசல் ஜீப் ஒன்று உள்ளது. சேலத்திலிருந்து மலையேறும்போது பத்தாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் வெப்பமானி முள் ஏறுகிறது. மேலே போய் நிறுத்தினால், என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தின் பாட்டில் வழிகிறது. மறுநாள் காலையில் பாட்டில் நிறைந்தபடியே இருக்க, ரேடியேட்டரில் மட்டும் அரை லிட்டர் குறைந்திருக்கிறது. குளிர்ந்த காலைகளில் வண்டியின் முன்பக்கத்துக்கு அடியில் நான்கைந்து சொட்டு ஈரமும் தெரிகிறது. சேலத்தில் நிறுத்தும் நாட்களில் அது இல்லை. ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறம் வெண்ணெய்போல் படிந்திருப்பதைப் பார்த்த மெக்கானிக், ஹெட் கேஸ்கெட் (என்ஜினின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது என்கிறார். இன்னொருவர், சூடானதும் திறந்து கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார். எதைச் செய்வது?
– வாசகர், ஏற்காடு

பதில்: இப்போதைக்கு இரண்டையும் செய்ய வேண்டாம். ஹெட்டைக் கழற்றுவது கடைசி வேலை. உங்கள் கடிதத்தில் உள்ள அடையாளங்களில் பாதிக்கு மேல் அதைவிட மிக மலிவான ஒரு பொருளை, அதாவது ரேடியேட்டர் மூடியைக் காட்டுகின்றன.

அந்த மூடி வெறும் மூடி அன்று. அதற்குள் இரண்டு வால்வுகள் இருக்கின்றன. பெரியது, ரேடியேட்டருக்குள் அழுத்தம் குறிப்பிட்ட அளவைத் தாண்டும்போது மட்டும் திறந்து, மிகுதியான கூலன்டைப் பாட்டிலுக்கு அனுப்புகிறது. நடுவில் உள்ள சிறியது, என்ஜின் ஆறும்போது உண்டாகும் வெற்றிடத்தால் திறந்து, போனதைத் திரும்ப இழுத்துக்கொள்ள வழிவிடுகிறது. பாட்டில் நிறைந்தும் ரேடியேட்டர் குறைந்தும் இருக்கிறது என்றால், போனது திரும்பவில்லை என்று பொருள். சிறிய வால்வு ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது பாட்டிலுக்குப் போகும் மெல்லிய குழாயில் வெடிப்பு விழுந்து, கூலன்டுக்குப் பதில் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும்.

பெரிய வால்வின் ஸ்பிரிங் தளர்ந்தால் என்ன ஆகும் என்பது மலையில் இருப்பவர்களுக்கு மிக முக்கியம். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் அல்ல, 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியில் 0.9 என்று பொறித்திருந்தால், அது சதுர சென்டிமீட்டருக்கு 0.9 கிலோ அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்து, கொதிநிலையை ஏறத்தாழ 20 டிகிரி உயர்த்த வேண்டும். அந்தப் பிடிப்பு போய்விட்டால், அடிவாரத்தில் ஒழுங்காக ஓடும் அதே வண்டி, இரண்டாவது கியரில் முக்கி முனகி ஏறும்போது பாதி வழியில் கொதிக்கத் தொடங்கிவிடும். என்ஜின் முற்றிலும் ஆறிய பின் மூடியைத் திறந்து, அடியில் உள்ள ரப்பர் வளையத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் எழும்பாமல் நின்றாலோ, ஓரத்தில் கீறல் தெரிந்தாலோ, அதே அழுத்த எண் கொண்ட புதிய மூடியை வாங்குங்கள். கூடுதலாக இருக்கட்டும் என்று அதிக எண் உள்ளதைப் போட்டால், இருபது வருடப் பழைய குழாய்கள் தாங்க மாட்டா. ரேடியேட்டர் கழுத்தின் உள்விளிம்பில் படிந்திருக்கும் உப்பையும் துடைத்துவிடுங்கள். அந்தப் படிவின் மேல் புது மூடியும் சரியாக உட்காராது.

காலையில் மட்டும் விழும் சொட்டு வேறு கதை. சூடான என்ஜினில் கசியும் சிறிதளவு கூலன்ட் தரைக்கு வருவதற்குள் ஆவியாகிவிடும். அதோடு, மலைக்குளிரில் ரப்பரும் உலோகமும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால், ஹோஸ் கிளிப்பின் பிடி இரவில் தளர்ந்து, வண்டி சூடானதும் இறுகிக்கொள்கிறது. சேலத்தின் வெதுவெதுப்பான இரவில் அது கசியாததற்குக் காரணமும் இதுவாகவே இருக்கும். டார்ச் விளக்குடன் ஒவ்வொரு ஹோஸின் முனையையும் விரலால் தடவிப் பாருங்கள். ஊறுகாய் ஜாடியின் விளிம்பில் உப்புப் பூப்பதைப்போல வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும் இடம்தான் கசியும் இடம். ஹோஸ் கிளிப்பின் கீழ் ஊதிப்போயிருந்தால் திருகை மேலும் இறுக்கிப் பயனில்லை. ஹோஸையே மாற்ற வேண்டும்.

பட்டறைகளில் 'வாட்டர் பாடி' என்று சொல்லப்படும் வாட்டர் பம்ப்பையும் விட்டுவிடாதீர்கள். அதன் அடிப்பக்கத்தில் பென்சில் முனை நுழையும் அளவில் ஒரு துளை இருக்கும். உள்ளே சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியேறுவதற்காகவே அது வைக்கப்பட்டிருக்கிறது. அதிலிருந்து கோடிட்டதுபோல் கறை இறங்கியிருந்தால் பம்ப்பை மாற்றும் நேரம் வந்துவிட்டது. கசிகிறதே என்று அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைத்துக் கொண்டுவந்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன்; ஒரு மாதத்தில் பேரிங் இறுகி, ஃபேன் ரேடியேட்டரைக் கிழித்ததுதான் மிச்சம்.

கண்ணுக்குத் தெரியாத கசிவுக்கு அழுத்தச் சோதனை ஒன்றே வழி. ஆறிய என்ஜினில் ரேடியேட்டரை நிரப்பி, அளவுமானி பொருத்திய கைப்பம்ப்பைக் கழுத்தில் மாட்டி, மூடியில் உள்ள எண் வரை மட்டும் அழுத்தம் ஏற்றிப் பதினைந்து நிமிடம் பார்க்க வேண்டும். முள் இறங்கினால் கசிவு உண்டு. வெளியே எங்கும் ஈரமே இல்லாமல் முள் இறங்கினால் அப்போது ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிப்பது நியாயம். அதற்கு வேறு சாட்சிகளும் உண்டு. ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்போல் இறுகுவது, திறந்த ரேடியேட்டரில் குமிழிகள் நிற்காமல் வந்துகொண்டே இருப்பது, வண்டி சூடான பிறகும் இனிப்பு வாடையுடன் வெண்புகை தொடர்வது ஆகியவை அவை. ஆயில் மூடியில் உள்ள வெண்ணெயை மட்டும் நம்ப முடியாது. பனிமூட்டத்தில் தோட்டத்துக்கும் ஒண்டிக்கடைக்கும் குறுந்தூரம் ஓடும் வண்டியில், என்ஜினுக்குள் சேரும் ஈரம் ஆவியாகாமல் மூடியில் அப்படிப் படிவது வழக்கம். ஆயில் அளவுக் குச்சியை இழுத்துப் பாருங்கள். அதிலும் ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் உங்கள் மெக்கானிக் சொன்னது சரி, வண்டியை அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் ஏற்காட்டுக் குளிரில் என்ஜின் சூடாகவே ஆகாது; டீசலும் கூடுதலாகப் போகும், தேய்மானமும் கூடும். சந்தேகமிருந்தால் அதை வெந்நீரில் போட்டுப் பாருங்கள். பெரும்பாலானவை 82 டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்கும். திறக்காவிட்டால் புதிது போடுங்கள். கசிவை அடைக்க ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடும் வைத்தியத்தையும் யாரேனும் சொல்லியிருப்பார்கள். ஈரோட்டுக்கு இவ்வளவு அருகில் இருந்துகொண்டு மஞ்சளைக் குறை சொல்ல மனமில்லை; நடுவழியில் வீடு வந்து சேர அது உதவும். ஆனால் தூளுக்கு ஓட்டை எது, ரேடியேட்டரின் நுண்குழாய் எது என்று தெரியாது.

மலையில் முள் ஏறினால் ஓரமாக நிறுத்தி, பானட்டைத் திறந்து வைத்து, முக்கால் மணி நேரமாவது காத்திருங்கள். சூட்டோடு மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். கொதிக்கும் என்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால், நல்ல நிலையில் இருக்கும் ஹெட்டும் வெடிக்கும்.

கேள்வி: கூலன்டுக்குப் பதிலாக வீட்டு போர் தண்ணீரை ஊற்றலாமா?
– வாசகர், கோரிமேடு, சேலம்

பதில்: மக்னீசியத் தாதுவான மாக்னசைட் வெட்டி எடுக்கும் ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்கள். மக்னீசியமும் கால்சியமும் கலந்த கடின நீர், உங்கள் வீட்டு வெந்நீர் ஹீட்டரில் உப்பைப் படிய வைப்பதுபோலவே ரேடியேட்டரிலும் படிய வைக்கும். கூலன்டையும் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரையும் சமபாகமாகக் கலந்து ஊற்றுங்கள். வழக்கமான பச்சைக் கூலன்ட் என்றால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். வெவ்வேறு நிறக் கூலன்ட்களை ஒன்றாகக் கலக்க வேண்டாம். வடித்தெடுத்த பழையதைச் சாக்கடையிலோ வாசலிலோ கொட்டிவிடாமல் கேனில் மூடி வையுங்கள். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது, நக்கும் நாய்க்கும் பூனைக்கும் சிறிதளவே உயிருக்கு ஆபத்தாகிவிடும்.