டர்பனுக்கு வரும் தம்பிக்கு: பாட்டுக்குத் தனியாக ஒரு பிளேயர் வேண்டுமா?

திருநெல்வேலியிலிருந்து அடுத்த மாதம் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வேலைக்கு வரும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "போன் இருக்கும்போது தனியாக எம்பி3 பிளேயர் தேவையா அக்கா? ஊரிலேயே வாங்கி வரவா, அங்கே வாங்கவா? 2,000 ரூபாய்க்குள் முடியுமா? தெரிந்தவர் ஒருவர் பழைய ஐபாட் தருகிறேன் என்கிறார், வாங்கலாமா?"

வாங்குங்கள் தம்பி. அதற்குக் காரணங்கள் உண்டு.

இங்கே டாக்சி என்றால் பத்துப் பதினைந்து பேர் ஏறும் வெள்ளை வேன். அதற்குள் உங்களுக்கு இயர்போனே தேவைப்படாது, டிரைவர் போடுகிற பாட்டில் இருக்கை அதிரும். விஷயம் இறங்கிய பிறகுதான். அங்கிருந்து ஆபீசுக்கு நடக்கிற பத்து நிமிடத்தில் போனைக் கையில் எடுக்காமல் இருப்பது நல்லது. வந்த இரண்டாம் வருடம், சிக்னலில் நின்றுகொண்டு அடுத்த பாட்டுக்கு மாற்றலாம் என்று போனை எடுத்தேன். பாட்டு மாறவில்லை, போன் கை மாறிவிட்டது. அதிலிருந்து தெருவில் எனக்குத் துணை, கட்டைவிரல் அளவு பிளேயர்தான். போனாலும் அழ வேண்டியதில்லை.

அதனால் முதல் நிபந்தனை: தொடுதிரை வேண்டாம், பட்டன் வேண்டும். சட்டைப் பைக்குள் துணிக்கு மேலாகவே அழுத்தி பாட்டை மாற்ற முடிய வேண்டும். கடையில் கண்ணை மூடிக்கொண்டு அழுத்திப் பாருங்கள். சத்தம் கூட்டுகிற பட்டனும் அடுத்த பாட்டுப் பட்டனும் விரலுக்கு ஒன்றுபோலப் பட்டால் வைத்துவிடுங்கள்.

இன்னொரு காரணம் மின்வெட்டு. இங்கே அதற்கு லோட் ஷெட்டிங் என்று பெயர். நிலை எண் கூடக் கூட வெட்டு நேரமும் கூடும். 2022, 2023இல் ஆறாம் நிலை வரை போனபோது, டவர்களின் பேட்டரியும் தீர்ந்து நெட் படுத்துவிடும். இணையத்தில் பாட்டுக் கேட்டுப் பழகியவர்கள் இருட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். 2024 மார்ச்சுக்குப் பிறகு நிலைமை எவ்வளவோ தேவலை. ஆனால் டேட்டா விலை நம் ஊர் விலை இல்லை. பாட்டையெல்லாம் அங்கேயே ஏற்றிக்கொண்டு வாருங்கள். ஸ்பாட்டிஃபை மாதிரியான செயலியில் டவுன்லோடு செய்து வைத்திருப்பது கணக்கில் வராது, அது அந்தச் செயலிக்குள் மட்டும்தான் திறக்கும். உங்கள் சிடியிலிருந்து எடுத்தது, காசு கொடுத்து ஃபைலாக வாங்கியது, இவைதான் பிளேயரில் ஏறும்.

2,000 ரூபாய், அதாவது இந்த நாட்டுப் பணத்தில் ஏறக்குறைய 400 ரேண்டு, சாதாரண பிளேயருக்குப் போதும். புளூடூத்துக்காகக் கூடுதல் காசு போட வேண்டாம், பேட்டரியையும் அது தின்னும். வயர் இயர்போன் போதும். எஃப்எம் இருந்தால் அந்த வயர்தான் ஏரியல். எஃப்எம் கட்டாயம் பாருங்கள், லோட்டஸ் எஃப்எம்மில் தமிழ்ப் பாட்டும் வரும்.

மெமரி கார்டு போடும் இடம் இருக்க வேண்டும். விலை குறைந்த பிளேயர்களில் பல 32 ஜிபி கார்டுக்கு மேல் படிக்காது, அதுவும் ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மேட் செய்திருக்க வேண்டும். 64 ஜிபி கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற வேறு முறையில் வருவதால்தான் இந்தத் தகராறு. 32 தாராளம். எம்பி3யின் உயர்ந்த தரமான 320 கேபிபிஎஸ்ஸில் ஐந்து நிமிடப் பாட்டு 12 எம்பி வரும், இரண்டாயிரம் பாட்டுக்கு மேல் அடங்கும்.

கார்டை மட்டும் பில்லோடு, நம்பிக்கையான கடையில் வாங்குங்கள். நான் இங்கே ஒரு தெருக்கடையில் 128 ஜிபி என்று ஒன்றை மலிவாக வாங்கினேன். கணினியும் 128 என்றே காட்டியது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஏற்றினேன். காலையில் பார்த்தால் பெயர்கள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன, முதல் கொஞ்சப் பாட்டுக்கு அப்புறம் ஒன்றும் பாடவில்லை. உள்ளே இருந்தது 8 ஜிபிதான், அளவைப் பொய்யாகக் காட்டும்படி செய்திருந்தார்கள். எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருள் கார்டை முழுக்க நிரப்பித் திரும்பப் படித்து உண்மையைச் சொல்லிவிடும். பாட்டு ஏற்றும் முன் அதை ஓட்டுங்கள்.

இந்தச் சோதனை, கோளாறு இருந்தால் மாற்றுவது எல்லாம் பில் வாங்கிய கடை பக்கத்தில் இருக்கும்போதுதான் நடக்கும். ஆகவே ஊரிலேயே வாங்குங்கள்.

ஐபாட் சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், காசு கொடுக்காதீர்கள். ஆப்பிள் 2022இலேயே தயாரிப்பை நிறுத்திவிட்டது. பழையதில் பேட்டரி களைத்துப்போயிருக்கும், பாட்டையும் இழுத்துப் போட முடியாது, ஐடியூன்ஸ் மாதிரியான ஆப்பிள் மென்பொருள் வழியாகத்தான் ஏற்ற வேண்டும்.

சார்ஜர் பற்றி ஒரு வார்த்தை. இங்கே சுவரில் பெரும்பாலும் இருப்பது நம் வீட்டில் கீசருக்குப் போடுகிற பெரிய மூன்று முனை 15 ஆம்பியர் பிளக். அதற்குப் பொருந்தும் அடாப்டர் ஒன்று எடுத்து வாருங்கள்.

அப்புறம், பாட்டுப் பெயர்கள். மலிவு பிளேயர்களில் தமிழ் எழுத்து பெரும்பாலும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். நான் சலித்துக்கொண்டே எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் மாற்றி, முன்னால் 01, 02 என்று எண் போட்டேன். எண் போடாவிட்டால் பல பிளேயர்கள் ஆங்கில அகரவரிசையில் பாடிவிடும்.

அந்த வேலை வீண் போகவில்லை. பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் முன்னோர் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து முதல் கப்பல் ட்ரூரோ வந்ததே, அதற்குப் பிந்தைய ஒரு கப்பலில். ஆன்ட்டிக்குத் தமிழ் பேச வராது. ஆனால் கோயிலில் ஆங்கில எழுத்தில் அச்சடித்த தாளை வைத்துக்கொண்டு தேவாரம் பாடுவார். ஒரு நாள் என் பிளேயரை வாங்கி, மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, சின்னத் திரையில் ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தார். முருகன் பாட்டு வந்ததும் நிறுத்தி, ஒரு இயர்போனைத் தன் காதில் வைத்துக்கொண்டார். இப்போது அந்த பிளேயர் அவரிடம்தான் இருக்கிறது. நான் வேறு ஒன்று வாங்கிவிட்டேன்.