இறங்கச் சொல்ல ‘கெட் டவுன்’ சரியா?

கேள்வி: சுற்றுலா ஜீப் ஓட்டுகிறேன். தொட்டபெட்டாவில் வண்டியை நிறுத்தி ‘கெட் டவுன்’ என்றேன். இங்கிலாந்திலிருந்து வந்திருந்தவர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். நான் சொன்னதில் என்ன தப்பு?
– வாசகர், கோத்தகிரி

பதில்: நம் ஊர் வழக்கில் தப்பே இல்லை. ஊட்டி பஸ்ஸில் கண்டக்டர் சொன்னாலும் பயணி சொன்னாலும் ‘கெட் டவுன்’ எல்லாருக்கும் புரியும். இந்திய ஆங்கிலத்தில் அது ஊறிப்போன பேச்சு. இங்கிலாந்துக்காரர் காதில் அது வேறு. மரம், சுவர், ஏணி இவற்றிலிருந்து கீழே வருவதற்குத்தான் அவர்களுக்கு ‘கெட் டவுன்’. கொஞ்சம் சத்தமாகச் சொன்னால் ‘குனி, தலையைத் தாழ்த்து’ என்று பொருள்.

நமக்கு எல்லாவற்றுக்கும் ‘இறங்கு’ ஒன்றே போதும். ஆங்கிலத்தில் வண்டியைப் பார்த்துச் சொல் மாறும். உள்ளே எழுந்து நடக்க இடமுள்ள பஸ், ரயில், விமானத்துக்கு ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’. மேலே ஏறி உட்காரும் பைக்குக்கும், ஊட்டி ஏரிக்கரைக் குதிரைக்கும் அதுவே. குனிந்து நுழைந்து உட்காரும் கார், ஜீப், ஆட்டோவுக்கு ‘கெட் இன்’, ‘கெட் அவுட்’. பைக்காராவில் ஓடும் சின்னப் படகும் இந்தக் கணக்குதான். ஆனால் வெறுமனே ‘கெட் அவுட்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், விரட்டுவது போலப் படும். ‘யூ கேன் கெட் அவுட் ஹியர்’ என்றால் மரியாதையாக இருக்கும். வண்டியையும் சேர்த்தால் ‘கெட் அவுட் ஒவ் த ஜீப்’. அந்த ‘ஒவ்’வை ‘ஆஃப்’ என்று உச்சரிக்கக் கூடாது. அது வேறு சொல்.

‘கெட்’ என்றாலே ‘கிடைப்பது’ என்று மனப்பாடம் செய்ததில்தான் பாதிக் குழப்பம். ஒரு நிலை மாறுவதற்கும் இதே வினைதான். ‘இருட்டிக்கிட்டு வருது’ – ‘இட்ஸ் கெட்டிங் டார்க்’. ‘நனைஞ்சுட்டேன்’ – ‘ஐ காட் வெட்’ (‘கெட்’டின் இறந்தகாலம்தான் ‘காட்’). போய்ச் சேர்வதற்கு ‘கெட் டு கூடலூர்’. ஹோம், ஹியர், தேர் வந்தால் மட்டும் நடுவில் ‘டு’ வராது.

இன்னொன்று உங்கள் தொழிலுக்கு அவசியம். கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு இறங்கும் முன் பிரேக்கைப் பற்றிப் பயணி கேட்கலாம். ‘ஐ செக்ட் த பிரேக்ஸ்’ என்றால் நீங்களே பார்த்தீர்கள் என்றாகும். மெக்கானிக்கை வைத்துப் பார்த்திருந்தால் ‘ஐ காட் த பிரேக்ஸ் செக்ட்’ என்று சொல்லுங்கள்.