போர்க்களச் சிகிச்சை ஓவியங்களை வகுப்பில் காட்டலாமா?

கேள்வி: செவிலியர் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். முதல் உலகப் போர்க் காலச் சிகிச்சையை விளக்க அந்நாளைய ஓவியங்களைக் காட்டலாம் என்றிருக்கிறேன். ஓவியர்கள் கூட்டிக் குறைத்து வரைந்திருக்க மாட்டார்களா? எதை நம்பிக் காட்டுவது?

பதில்: தாராளமாகக் காட்டுங்கள். ஆனால் ஒரு படத்தை எடுத்தால், அது எதற்காக வரையப்பட்டது என்று முதலில் பாருங்கள். தத்ரூபமா இல்லையா என்பதெல்லாம் அப்புறம்.

பலரும் உடனே எடுப்பது ஜான் சிங்கர் சார்ஜென்ட்டின் 'கேஸ்டு' (Gassed, 1919). லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கும், 6 மீட்டர் அகல ஓவியம். 1918 ஆகஸ்டில் பிரான்சின் அராஸ் பகுதியில் அவர் நேரில் கண்ட காட்சி அது. கடுகு வாயு தாக்கிய வீரர்கள் கண்ணில் கட்டுடன், முன்னால் போகிறவர் தோளைப் பிடித்தபடி வரிசையாக நடக்கிறார்கள். படி வருகிறது என்று ஒருவர் காலை அளவுக்கு மீறித் தூக்குகிறார். கண் தெரியாத நடையை இதைவிட நன்றாக யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை. சரி, சிகிச்சை எங்கே? சிகிச்சைக் கூடாரத்தின் கயிறுகள் மட்டும் ஓரத்தில் தெரிகின்றன. கூடாரம் படத்திலேயே இல்லை. கடுகு வாயு பட்டால் தோல் கொப்பளிக்கும், உடையைக் கழற்றி உடம்பைக் கழுவ வேண்டும். அதெல்லாம் இதில் கிடையாது. நினைவு மண்டபத்துக்காக வரையச் சொன்ன படத்திடம் அதை எதிர்பார்க்கவும் முடியாது.

அந்தப் பயணத்தில் அவருடன் இருந்த ஹென்றி டாங்ஸ்தான் உங்களுக்கு ஏற்றவர். அறுவைச் சிகிச்சை நிபுணராகத் தேறிய பிறகு ஓவியத்துக்கு வந்தவர்; லண்டன் ஸ்லேட் கலைப் பள்ளியில் ஆசிரியர். இங்கிலாந்தின் ஆல்டர்ஷாட் ராணுவ மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ஹரோல்ட் கில்லிஸ் சிதைந்த முகங்களைச் சீரமைத்துவந்தபோது, 1916 முதல் அந்த முகங்களை பேஸ்டல் என்னும் வண்ணக் குச்சிகளால் பதிவுசெய்தார். கருப்பு வெள்ளைப் புகைப்படத்தில் சதையும் தழும்பும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். பேஸ்டலில் காயத்தின் ஈரச் சிவப்பு தனியாகத் தெரியும். மருத்துவப் பதிவுக்காகவே வரைந்தவை என்பதால், காட்சிக்காக எதையும் மறைக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

மூன்றாவதாக ஒன்று வேண்டுமானால் ஸ்டான்லி ஸ்பென்சர். ராணுவ மருத்துவப் பிரிவில் வேலை பார்த்தவர். மாசிடோனியாவின் ஸ்மோலில் 1916 செப்டம்பரில் காயம்பட்டவர்கள் 'டிராவாய்' என்ற இழுவைப் படுக்கைகளில் சிகிச்சை நிலையத்துக்கு வந்து சேர்ந்ததைக் கண்டார்; அதை 1919இல் நினைவிலிருந்து வரைந்தார். மேலிருந்து பார்க்கும் கோணம் அவருடைய கலை. ஆனால் 'டிராவாய்' நிஜம்: இரண்டு நீளக் கம்புகளின் முன்முனையைக் கோவேறு கழுதையின் மேல் கட்டி, பின்முனை தரையில் இழுபட, நடுவில் காயம்பட்டவரைக் கிடத்துவார்கள். நோயாளியை இடம் மாற்றுவது பற்றிய பாடத்துக்கு அருமையான படம்.

டாங்ஸின் படங்களைத் திடீரென்று திரையில் போட்டுவிடாதீர்கள். தாடை போன முகங்கள் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். படத்தோடு நோயாளியின் பெயர் இருந்தால் ஸ்லைடில் எடுத்துவிடுங்கள். அறுவைக்கு முன்னும் பின்னும் வரைந்த ஜோடி கிடைத்தால் இரண்டையும் சேர்த்தே காட்டுங்கள். முதல் படத்தோடு நிறுத்தினால் மாணவிகளுக்குக் காயம்தான் நினைவில் நிற்கும், தையல் நிற்காது.