ஐஜிஜி பாசிட்டிவ் என்றால் குழந்தைக்குத் தொற்று இருக்கிறதா?

கேள்வி: எங்கள் குழந்தை பிறந்து 12 நாள் ஆகிறது. நிறைமாதம்தான், ஆனால் எடை 2.1 கிலோ. டிஸ்சார்ஜுக்கு முன் எடுத்த ஓஏஇ காது பரிசோதனையில் இரண்டு பக்கமும் 'ரெஃபர்' (தேறவில்லை) என்று வந்தது. நேற்று மறுபடி எடுத்தோம், அதே முடிவு. கருவில் தொற்றக்கூடிய கிருமிகளைத் தேடும் டார்ச் ரத்தப் பரிசோதனையும் செய்தாயிற்று. சிஎம்வி (சைட்டோமெகலோவைரஸ்) ஐஜிஜி, ருபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) ஐஜிஜி இரண்டும் பாசிட்டிவ், ஐஜிஎம் எல்லாமே நெகட்டிவ். ஒரு மாதம் கழித்துத் திரும்ப எடுத்துப் பார்க்கலாம் என்கிறார்கள். தாய்ப்பால் வழியாகத்தான் கிருமி போகிறதோ என்று வீட்டில் பெரியவர்கள் பாலை நிறுத்தச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: ஒரு மாதம் காத்திருக்காதீர்கள். குழந்தைக்கு 21 நாள் முடிவதற்குள், முடிந்தால் நாளைக்கே, சிறுநீரில் சிஎம்வி பிசிஆர் (வைரஸின் மரபணுவை நேராகத் தேடும்) பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.

உங்கள் கையில் இருக்கும் ரிப்போர்ட் குழந்தையைவிட அம்மாவைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது. ஐஜிஜி என்கிற எதிர்ப்புப் புரதம் நஞ்சுக்கொடி வழியாகத் தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும். நம் ஊரில் பெரும்பாலான பெண்களுக்குச் சிறுவயதிலேயே சிஎம்வி வந்து, சாதாரணக் காய்ச்சல்போல, பல நேரம் காய்ச்சல்கூட இல்லாமல், போயிருக்கும். அதனால் எந்தப் பிரசவ வார்டிலும் குழந்தைகளின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் முக்கால்வாசிக்கு மேல் ஐஜிஜி பாசிட்டிவ்தான். ருபெல்லாவும் அப்படியே. அம்மாவுக்கு எப்போதோ வந்து போயிருக்கலாம், அல்லது தடுப்பூசி போட்டிருக்கலாம்.

ஐஜிஎம் என்கிற இன்னொரு எதிர்ப்புப் புரதம் நஞ்சுக்கொடியைத் தாண்டாது, அது இருந்தால் குழந்தை தானே உண்டாக்கியதுதான். ஆனால் கருவிலேயே சிஎம்வி தொற்றிய குழந்தைகள் பலரிடம் ஐஜிஎம் தென்படுவதே இல்லை. தொற்றே இல்லாத குழந்தைக்குப் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டுவதும் உண்டு. பாசிட்டிவ் வந்தாலும் உறுதியில்லை, நெகட்டிவ் வந்தாலும் நிம்மதியில்லை. எடை குறைந்த குழந்தை என்றாலே டார்ச் பேனல் எழுதுவது ஒரு பழக்கமாகிவிட்டது. என்னைக் கேட்டால் பெரும்பாலும் வீண்செலவு. எந்தக் கிருமியைச் சந்தேகிக்கிறோமோ அதை நேராகத் தேடுவதே மேல்.

உங்கள் குழந்தைக்குச் சிஎம்வியைச் சந்தேகிக்கக் காரணம் இருக்கிறது. காதில் பனிக்குட நீரும், பிறக்கும்போது தோலில் இருக்கும் வெள்ளை மாவும் அடைத்திருந்தாலே முதல் ஓஏஇ தவறும், அது சகஜம். இரண்டாவது முறையும் இரண்டு காதும் தவறி, எடையும் குறைவு என்றால் சும்மா விடக்கூடாது. குழந்தைகளின் செவித்திறன் இழப்புக்கு, பரம்பரைக் காரணங்களை விட்டால், முதலிடத்தில் இருப்பது இந்த வைரஸ்தான். ருபெல்லா என்றால் பெரும்பாலும் வேறு அடையாளங்களும் இருக்கும்: கண்ணில் புரை, இதயத்தில் கோளாறு. இரண்டையும் உங்கள் மருத்துவர் ஒருமுறை பார்த்துவிடட்டும்.

சரி, ஏன் 21 நாள்? பிறந்த பிறகும் தாய்ப்பால், எச்சில் வழியாகச் சிஎம்வி வரலாம். அப்படி வந்தது சிறுநீரில் தெரிய மூன்று வாரமாவது ஆகும். அதற்குள்ளாகவே சிறுநீரில் வைரஸ் இருந்தால் அது அம்மா வயிற்றிலேயே வந்தது. நாள் கடந்து எடுத்தால் பாசிட்டிவ் வந்தாலும் எப்போது வந்தது என்று சொல்ல முடியாது. குதிகாலில் குத்தி அட்டையில் உலரவைத்த ரத்தப்புள்ளி பிறந்த ஆஸ்பத்திரியில் பத்திரமாக இருந்தால் பின்னாலும் சோதிக்கலாம். ஆனால் அதில் நெகட்டிவ் வந்தால் நம்புவதற்கில்லை.

சிறுநீர் எடுப்பது எளிது, பொறுமைதான் வேண்டும். அன்று காலை எண்ணெய், பவுடர் எதுவும் போடாதீர்கள், பை ஒட்டாது. தண்ணீரில் கழுவி, நன்றாகத் துடைத்து, ஒட்டும் பையை மாட்டிப் பால் கொடுங்கள். பெண் குழந்தை என்றால் பின்பக்கம் ஒழுகிவிடும், அங்கிருந்து ஒட்ட ஆரம்பியுங்கள். சில மில்லி போதும். மூடியுள்ள டப்பாவுக்கு மாற்றி, ஐஸ் பேக்கோடு அன்றே லேபுக்கு அனுப்புங்கள், உறையவைக்கக் கூடாது. பஞ்சுக் குச்சியால் எச்சிலிலும் எடுக்கலாம், ஆனால் பால் குடித்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் பாலில் உள்ள வைரஸ் குச்சியில் ஏறிவிடும். எச்சிலில் பாசிட்டிவ் வந்தால் சிறுநீரில் உறுதிசெய்தாக வேண்டும்.

டப்பாவின் மேல் எடுத்த தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இந்த ரிப்போர்ட்டின் மதிப்பே அந்தத் தேதியில்தான் இருக்கிறது.

வைரஸ் இல்லை என்று வந்தால் பிறவிச் சிஎம்வியை ஏறக்குறைய மறந்துவிடலாம். இருக்கிறது என்றால் ரத்த அணுக்கள், கல்லீரல், கண், தலை ஸ்கேன் எல்லாம் பார்ப்பார்கள். பாதிப்பு தெளிவாக இருக்கும் குழந்தைகளுக்கு வால்கான்சைக்ளோவிர் என்ற மருந்தை ஆறு மாதம் வாய்வழி கொடுப்பது வழக்கம், முதல் மாதத்துக்குள் தொடங்குவது நல்லது. வெள்ளணுக்களைக் குறைக்கும் மருந்து என்பதால் அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டியிருக்கும். காது மட்டும் பாதித்திருந்தால் கொடுப்பதா வேண்டாமா என்று மருத்துவர்களிடையே இன்னும் பேச்சு இருக்கிறது; உங்கள் மருத்துவரோடு உட்கார்ந்து முடிவெடுங்கள்.

பாலைப் பற்றி: பாலில் சிஎம்வி வருவது உண்மைதான், நிறைமாதக் குழந்தைக்கு அதனால் கெடுதல் வருவதில்லை. மிகக் குறைமாதக் குழந்தைகள் விஷயத்தில்தான் யோசிப்பார்கள். அம்மா ஏதோ தவறு செய்ததால் வந்தது என்ற பேச்சை வீட்டில் எடுக்கவிடாதீர்கள்.

இதைப் படிக்கும் மற்ற பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. எல்லா வைரஸுக்கும் ஒரே கணக்கு இல்லை. அம்மாவுக்கு ஹெபடைடிஸ் பி இருந்தால் பரிசோதனைக்கு அவசரமில்லை, தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலின் என்கிற எதிர்ப்புப் புரத ஊசியும் 12 மணி நேரத்துக்குள் போவதுதான் அவசரம். குழந்தையின் ரத்தத்தை 9 மாதத்துக்குப் பிறகு பார்த்தால் போதும். எச்ஐவியில் குழந்தையின் ஆன்டிபாடி பரிசோதனை 18 மாதம் வரை அம்மாவுடையதையும் சேர்த்துக் காட்டும், அதனால் ஆறாவது வாரத்தில் பிசிஆர் எடுக்கிறார்கள். பிரசவத்தை ஒட்டி அம்மாவுக்கு டெங்கு என்றால் குழந்தைக்கு என்எஸ்1 (டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும்) பரிசோதனையும், சில நாள் தொடர்ந்து தட்டணு எண்ணிக்கையும். ஆனால் ஹெர்பிஸ் வேறு ரகம். முதல் சில வாரங்களில் தோலில் நீர்க்கொப்புளம், வலிப்பு, பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது என்று எது தெரிந்தாலும் இரவானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அங்கே பிசிஆருக்கு மாதிரி எடுத்த கையோடு, முடிவுக்குக் காத்திராமல் அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்குவார்கள்.

உங்கள் குழந்தைக்குப் பிசிஆர் முடிவு எதுவானாலும் காதை விட்டுவிட முடியாது. ஒலிக்குக் காது நரம்பும் மூளையும் தரும் பதிலைப் பதிவுசெய்யும் பெரா பரிசோதனை மூன்று மாதத்துக்குள் முடிய வேண்டும். குறைபாடு உறுதியானால் ஆறு மாதத்துக்குள் காது கேட்கும் கருவி. சிஎம்வி இருந்தால், இன்று பெரா சரியாக இருந்தாலும், பள்ளிக்குப் போகும் வயதுவரை இடைவெளி விட்டுக் காதைச் சோதித்துக்கொண்டே வரவேண்டும், கேட்கும் திறன் பிறகும் மெல்லக் குறையக்கூடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்ள மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தில் இதையெல்லாம் கேளுங்கள். கருவி போதாமல் காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவை செய்து உள்காதில் பொருத்தும் கருவி) தேவைப்பட்டால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. வயது வரம்பு உண்டு, அதனால் காப்பீட்டு அட்டையில் குழந்தையின் பெயரை இப்போதே சேர்த்துவிடுங்கள்.