அப்பாவின் போனில் வரும் வீடியோக்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன், பெயர் வேண்டாம். அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பன்னிரண்டு வருடமாக சுகர் மாத்திரை சாப்பிடுகிறார். போன மாதம் எங்களிடம் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டு சிறியாநங்கைக் கஷாயம் குடித்திருக்கிறார். நான்கு நாள் ஆஸ்பத்திரி. இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் போனைத் திறந்தால் வரிசையாக அதே மாதிரி வீடியோக்கள். என் போனில், எந்த வீடியோவைக் காட்டுவது என்று முடிவுசெய்யும் இதே அல்காரிதம்தான் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தைக் கொண்டுவந்து கொடுத்தது. நான் தேடவே இல்லை. அது எப்படி எனக்கு நல்லதும் அப்பாவுக்குக் கெட்டதும் செய்கிறது?

அன்புள்ள நண்பருக்கு,

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார் என்ற வரிக்கு அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது. அவரை ஏமாளி என்று வீட்டில் யாரும் பேச விடாதீர்கள். பன்னிரண்டு வருடம் மாத்திரை விழுங்கியவரிடம் ‘இனி வேண்டாம்’ என்று ஒருவர் கனிவாகச் சொன்னால் மனசு அந்தப் பக்கம் சாயத்தான் செய்யும்.

எந்த ஆப் என்று நீங்கள் எழுதவில்லை. விவரமாக வெளியே தெரிந்திருப்பது யூடியூபின் முறை என்பதால் அதை வைத்துச் சொல்கிறேன். அதன் பொறியாளர்கள் 2016-இல் எழுதிய கட்டுரையின்படி வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. லட்சக்கணக்கான வீடியோக்களிலிருந்து சில நூறைப் பொறுக்குவது முதல் கட்டம். எதை நீங்கள் அதிக நேரம் பார்ப்பீர்கள் என்று கணித்து வரிசைப்படுத்துவது அடுத்தது. நாகஸ்வரம் என்றால் என்னவென்று அதற்குத் தெரியவேண்டியதில்லை. நீங்கள் கேட்ட தவிலை வேறு எங்கோ கேட்டவர்கள் அருணாசலத்தையும் கேட்டிருக்கிறார்கள். அந்த முகம் தெரியாத ரசிகர்களின் காதுதான் உங்களுக்கு வழி காட்டியது. மயிலாப்பூர் மாட வீதிக் கேசட் கடைகளில் நாள் கணக்கில் தேடி அலைந்தவன் நான். 1964-இல் மறைந்த ஒருவரின் வாசிப்பு கேட்காமலே வீட்டுக்குள் வருவதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

அப்பாவுக்கு நடந்ததும் இதேதான். முழங்கால் வலி, சர்க்கரை என்று பார்க்கத் தொடங்கியவர்கள் கடைசியில் எதில் போய் உட்கார்ந்தார்களோ, அங்கே அவரையும் கூட்டிப்போயிருக்கிறது. சபாவில் பக்கத்து நாற்காலிக்காரரும் ‘அவர் கச்சேரியைக் கேளுங்கள்’ என்பார். ஆனால் உங்கள் முகம் வாடியிருந்தால் ‘உடம்புக்கு என்ன?’ என்று கேட்பார்.

2012 வரை யூடியூப் எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்பதற்குத்தான் முக்கியத்துவம் கொடுத்தது. கிளிக் செய்யவைக்கும் ஏமாற்று முகப்புப் படங்கள் பெருகின. அதைக் குறைப்பதற்காக, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்ற கணக்குக்கு மாறினார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பயமும் ஆளை நகரவிடாது. மந்தைவெளியில் என் அம்மா இரவில் பேச்சுத்துணைக்காக வீடியோ ஓடவிட்டுத் தூங்கிவிடுவார். தலையணைக்குப் பக்கத்தில் ஒன்று முடிந்து அடுத்தது, அதற்கடுத்தது என்று ஓடும். காலையில் போனை எடுத்தால் முகப்பு முழுக்க தோஷம், பரிகாரம். அவர் கேட்டது ஒரு மனிதக் குரல், அவ்வளவுதான். அது ஓடிய நேரமெல்லாம் விருப்பமாகக் கணக்கில் ஏறியிருந்தது.

பிற்பாடு, வீடியோ பார்த்தவர்களிடமே ‘திருப்தியா?’ என்று கேட்கவும் ஆரம்பித்தார்கள். அந்தக் கஷாய வீடியோவைப் பற்றி உங்கள் அப்பாவிடம் கேட்டிருந்தால் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பார். இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. கடுமையான நோய்க்குப் போலி அற்புத மருந்து சொல்லும் வீடியோக்களைப் பரிந்துரைப்பதைக் குறைக்கிறோம் என்று 2019 ஜனவரியில் யூடியூப் அறிவித்தது. தொடக்கம் அமெரிக்காவில், மிகச் சில வீடியோக்களுக்கு மட்டும். ஆபத்து என்று தெரிந்தபின் தமிழ் பேசும் பெரியவர்களை ஏன் வரிசையின் பின்னால் நிறுத்தவேண்டும்?

சரி, இப்போது செய்யவேண்டியது. டிஸ்லைக் பட்டனை நம்பவேண்டாம். இணையப் பயனர்களின் உரிமைக்காக இயங்கும் மொசில்லா அறக்கட்டளை 2022-இல் வெளியிட்ட ஆய்வில் அது வேண்டாத பரிந்துரைகளில் 12 சதவீதத்தைத்தான் தடுத்தது. ‘இந்தச் சேனலைப் பரிந்துரைக்காதே’ என்பது 43 சதவீதம், பார்த்த வரலாற்றிலிருந்து நீக்குவது 29 சதவீதம். அதனால் இந்த இரண்டையும் செய்யுங்கள். அப்பாவுக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக, ‘இதில் என்ன சொன்னாங்கப்பா?’ என்று கேட்டு நீக்குங்கள். அம்மாவுடன் அப்படி உட்கார்ந்தபோதுதான் அவருக்கு ராத்திரி தூக்கமே வருவதில்லை என்று எனக்குத் தெரிந்தது. மாத்திரை ஏன் பிடிக்கவில்லை என்று அப்பா சொன்னால் அதை எழுதிவைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்புறம், இந்த ஞாயிற்றுக்கிழமை அருணாசலத்தை உங்கள் போனில் கேட்கவேண்டாம். அப்பாவின் போனில் போடுங்கள், கடைசிவரை இரண்டு பேரும் கேளுங்கள்.