தொழில் கேள்வி – பதில்: எல்லோரும் என்னையே கேட்கிறார்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே குறையைச் சொல்கின்றன: நாள் முழுவதும் வேலை செய்கிறோம், ஆனால் செய்ய நினைத்த வேலை மட்டும் நடப்பதில்லை. அவற்றுள் ஒன்றுக்கொன்று வேறுபட்ட ஆறு கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: திருப்பூரில் 60 பேர் வேலை செய்யும் பின்னலாடை கம்பெனி நடத்துகிறேன். ஏற்றுமதியாளர்களுக்கு ஜாப் ஒர்க் செய்வதோடு, உள்நாட்டு வியாபாரத்துக்குச் சொந்தமாகவும் தைக்கிறோம். காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரை வரை போன் ஓய்வதில்லை. ஓர் ஆர்டருக்குக் காஸ்டிங் (ஒரு பீஸுக்கு என்ன அடக்கமாகும் என்ற கணக்கு) போட உட்கார்ந்தால் முடிக்க மூன்று நாள் ஆகிறது. போனை அணைத்துவிட்டு வேலை பார்க்கச் சொல்கிறார்கள். அது சரிப்படுமா?

உடனே அணைத்தால் சரிப்படாது. சாயப்பட்டறையில் ஷேடு, அதாவது நிறத்தின் சாயல், சரிதான் என்ற ஒப்புதலுக்காக ஒருவர் காத்திருப்பார். கட்டிங் மாஸ்டர் துணியை விரித்துவிட்டு அளவில் ஒரு சந்தேகத்தோடு நிற்பார். வாசலில் வண்டி நிற்கும். நீங்கள் மூன்று நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய பதிலுக்காகப் பவர் டேபிள் (தையல் இயந்திர) வரிசை முழுவதும் அரை நாள் சும்மா இருந்தால், நீங்கள் மிச்சப்படுத்திய நேரத்தின் விலை மிக அதிகம்.

போன் இதற்குக் காரணம் என்றும் நான் நினைக்கவில்லை. கனடா நாட்டு மேலாண்மை ஆய்வாளர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் ஐந்து நிறுவனத் தலைவர்களைக் கூடவே இருந்து கவனித்து எழுதியது 1973-இல் வெளிவந்தது. அவர்கள் செய்த வேலைகளில் பாதி ஒன்பது நிமிடங்களுக்குள் முடிந்துவிட்டன. ஒரு மணி நேரத்தைத் தாண்டியவை பத்தில் ஒன்றுதான். அப்போது செல்போன் கிடையாது. முடிவெடுக்கும் அதிகாரம் எந்த ஆளிடம் குவிந்திருக்கிறதோ அந்த ஆளைத் தேடிக் கேள்விகள் எந்த வழியிலாவது வந்து சேரும். இன்று அந்த வழி போன், அவ்வளவுதான்.

ஆகவே முதலில் ஒரு வாரம் ஒரு நோட்டில் வந்த அழைப்புகளை எழுதுங்கள்: யார், என்ன கேட்டார், அதற்கு நீங்கள்தான் பதில் சொல்லியாக வேண்டுமா. பின்னலாடைத் தொழிலில் இருப்பவர்களிடம் நான் பார்த்த வரையில், அவற்றில் பெரும் பகுதி தகவல் கேட்பவையாக இருக்கும். அந்த லாட் டையிங்கிலிருந்து வந்துவிட்டதா, துணி சுருங்காமல் பதப்படுத்தும் காம்பாக்டிங்குக்குப் போனதா, டெலிவரி சலான் யாரிடம் இருக்கிறது என்பவை அந்த வகை. இவற்றை உங்கள் நினைவிலிருந்து எடுத்து ஒரு பலகையில் வையுங்கள். லாட் எண், துணியின் எடை, இப்போது எந்த யூனிட்டில் இருக்கிறது, எப்போது வரும் என்று நான்கு கட்டங்கள் கொண்ட ஒரு பலகை கட்டிங் மேசைக்கு எதிரே தொங்கினால், காலையும் மாலையும் ஒருவர் அதைத் திருத்தி எழுதினால், அந்த அழைப்புகளில் பல தாமாகவே நின்றுவிடும்.

அடுத்தவை அனுமதி கேட்பவை. நூல் கோன் தீர்ந்துவிட்டது, ஊசி வாங்க வேண்டும், மெக்கானிக்கைக் கூப்பிடலாமா என்று வருவன. சூப்பர்வைசருக்கு ஒரு தொகையை வரம்பாக வைத்து, அதற்குள் கேட்காமல் செலவு செய்யலாம், சனிக்கிழமை சம்பளக் கணக்கோடு சேர்த்து இதற்கும் கணக்குக் காட்டினால் போதும் என்று சொல்லிவிடுங்கள். இங்கே ஒன்றைக் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த வரம்புக்குள் அவர் முதல் தவறு செய்யும்போது, எல்லோர் முன்னிலையிலும் நீங்கள் அவரைத் திட்டினால், அன்றோடு அந்த ஏற்பாடு முடிந்தது. மறுநாள் முதல் ஐம்பது ரூபாய்க்கும் போன் வரும். தம்மைக் கேட்காமல் எதுவும் நடக்காது என்பதில் ஒரு பெருமை முதலாளிகளில் பலருக்கு உண்டு என்பதையும் நான் கவனித்திருக்கிறேன். அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு போனைக் குறை சொல்லிப் பயனில்லை.

மிஞ்சுபவை உண்மையில் உங்களுக்கானவை: விலை, ஷேடு, ஷிப்மென்ட் தள்ளிப்போவது, ஆள் பிரச்சினை. அவற்றுக்குப் போன் திறந்தே இருக்கட்டும்.

காஸ்டிங் போடுவது மட்டும் இந்த இடைவெளிகளில் செய்யக்கூடிய வேலை அன்று. நூல் விலை, நிட்டிங் கூலி, டையிங், பிராசஸ் லாஸ் (சாயம் முதலிய வேலைகளில் குறையும் எடை), ஒரு பீஸுக்கான துணி எடை, தையல் கூலி, லேபிளும் பாலிபேக்கும், ரிஜெக்‌ஷன் என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் கணக்கு அது. ஒரு பீஸுக்கு 150 கிராம் துணி, முடிந்த துணி கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பிராசஸ் லாஸில் 3 சதவீதம் குறைத்துப் போட்டுவிட்டால் பீஸுக்கு 1 ரூபாய் 80 காசு போகிறது. 20,000 பீஸ் ஆர்டரில் அது 36,000 ரூபாய். ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவும்போது மனத்தின் ஒரு பகுதி முந்தைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் பரிசோதனைகள் வழியே காட்டினார். அந்தத் தங்கிய பகுதிதான் மூன்று சதவீதத்தைத் தவறவிடுகிறது.

இதற்கு ஒன்றரை மணி நேரம் தொடர்ச்சியாக வேண்டும். ஷிப்டு சூடுபிடித்து, அன்றைய முதல் கேள்விகள் அடங்கிய பிறகு, பதினொன்று முதல் பன்னிரண்டரை வரை வைத்துக்கொள்ளலாம். அந்நேரம் போன் மேனேஜரிடம் இருக்கட்டும். விபத்து, வரிசை நிற்பது, பையரின் அழைப்பு ஆகிய மூன்றுக்கு மட்டும் அவர் கதவைத் தட்டலாம். அப்படித் தட்டி நீங்கள் எழ நேர்ந்தால், எந்த வரியில் நிறுத்தினீர்கள், அடுத்து எதைப் பார்க்க வேண்டும் என்பதை எழுதிவிட்டு எழுங்கள். முடியாத வேலைக்கு அடுத்த படியைத் திட்டவட்டமாக எழுதி வைத்தவர்களை அந்த வேலையின் நினைவு தொந்தரவு செய்வது குறைகிறது என்பது 2011-இல் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரு உளவியலாளர்கள் கண்டது. பத்து வினாடிச் செலவுதான்.

கேள்வி: ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் உற்பத்திப் பிரிவின் தலைமைப் பொறுப்பில் இருக்கிறேன். காலை முதல் மாலை வரை மீட்டிங். என் வேலை மாலை ஆறுக்குத்தான் தொடங்குகிறது. மேலதிகாரி அழைக்கும் கூட்டத்துக்கு வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். முதலாளியின் நேரம் கேள்விகளால் சிதறுகிறது, அதிகாரியின் நேரமோ பிறருடைய நாட்காட்டியில் இருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு. ஹார்வர்டைச் சேர்ந்த மைக்கேல் போர்ட்டரும் நிதின் நோரியாவும் 27 பெரிய நிறுவனத் தலைவர்களின் நேரத்தை 13 வாரங்கள் கணக்கெடுத்து 2018-இல் வெளியிட்டபோது, அவர்களுடைய வேலை நேரத்தில் 72 சதவீதம் கூட்டங்களில் கழிவதாகத் தெரிந்தது. ஆகவே கூட்டம் உங்கள் வேலைக்கு வெளியே இருப்பதாக எண்ணுவதை முதலில் விடுங்கள். உங்கள் பதவியில் அதுவும் வேலைதான்; எந்தக் கூட்டம் வேலை, எது வெறும் வழக்கம் என்பதே கேள்வி.

உங்கள் கையில் இருப்பவற்றிலிருந்து தொடங்கலாம். நீங்கள் கூட்டும் தினசரி உற்பத்திக் கூட்டத்தை மாடி அறையிலிருந்து இயந்திர வரிசைக்கு அருகே கொண்டுவந்து, நேற்றைய எண்ணிக்கையும் நின்றுபோன இயந்திரமும் பலகையில் இருக்க, நின்றபடியே கால் மணி நேரத்தில் முடியுங்கள். உட்கார்ந்து பேசும்போது ஒரு மணி நேரம் இழுத்த அதே விஷயம்தான் அது. வாரக் கூட்டங்களில் உங்கள் உதவி மேலாளரை அனுப்பும்போது, அங்கேயே ஒப்புக்கொள்ளும் அதிகாரத்தையும் கொடுத்து அனுப்புங்கள். “சாரிடம் கேட்டுச் சொல்கிறேன்” என்று அவர் திரும்பி வந்தால் ஒரு கூட்டம் இரண்டாகும்.

மேலதிகாரியின் கூட்டங்களைப் பொறுத்தவரை, உங்களிடமிருந்து அவருக்குத் தேவைப்படும் எண்களை முந்தின நாள் மாலையே ஒரு பக்கத்தில் அனுப்பிப் பாருங்கள். சில வாரங்களில் “நீங்கள் முதல் பத்து நிமிடம் இருந்தால் போதும்” என்று அவரே சொல்லும் வாய்ப்பு உண்டு. அவர் சொல்லாவிட்டாலும், ஒரு கூட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஐந்து நிமிடம் விட்டு, முடிவானதை எழுதிவிட்டுப் போவது உங்கள் கையில்தான் இருக்கிறது.

கேள்வி: மதுரையில் வீட்டிலிருந்தே அப்பளம், வடகம், பொடி வகைகள் விற்கிறேன். எல்லா ஆர்டரும் வாட்ஸ்அப்பில். உடனே பதில் போடாவிட்டால் வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள் என்ற பயம். வீட்டு வேலை, பிள்ளைகள், மாமியாரின் மருந்து வேளை என்று ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைப்பதில்லை.

அம்மா, உங்களுக்குக் கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்லும் யோசனை உதவாது. அப்படிச் சொல்பவர்களுக்கு வேறு யாரோ சமைத்துப் போடுகிறார்கள். உங்கள் வேலைகளை இடையூறைத் தாங்குபவை, தாங்காதவை என்று பிரித்துக்கொள்ளுங்கள். பேக்கிங், முகவரி ஒட்டுவது, ஆர்டர் எடுப்பது ஆகியவற்றை நடுவில் விட்டுவிட்டு வந்தாலும் தொடரலாம். உளுந்தும் எண்ணெயும் விலை ஏறியிருக்கும்போது உங்கள் பாக்கெட் விலையை மாற்றுவதா, எவ்வளவு சரக்கு வாங்குவது, யார் பணம் தரவில்லை என்ற கணக்குகள் தாங்காதவை. பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் கிடைக்கும் அரை மணி நேரத்தையும் பேக்கிங்குக்குச் செலவிடுவதுதான் இத்தகைய தொழில்களில் நான் அடிக்கடி காணும் தவறு. அந்த அரை மணி நேரத்தைக் கணக்குக்கு வையுங்கள். பேக்கிங் சாயங்காலச் சந்தடியிலும் நடக்கும்.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில், நீங்கள் பார்க்காத நேரத்தில் தானாகச் செல்லும் பதிலை அமைக்கலாம். வாடிக்கையாளர் எதிர்பார்ப்பது உங்களோடு உரையாடலை அன்று. செய்தி வந்து சேர்ந்ததா, சரக்கு என்று அனுப்பப்படும் என்பதை. “ஆர்டர்களை மதியம் 2 மணிக்கும் இரவு 8 மணிக்கும் பார்த்து உறுதி செய்கிறேன், இரவு உறுதியானவை மறுநாள் கூரியரில் செல்லும்” என்று இரண்டு வரி போதும். விலைப்பட்டியலை அதே செயலியின் கேட்டலாகில் ஏற்றிவிட்டால் “பருப்புப் பொடி எவ்வளவு?” என்ற கேள்விகளும் குறையும்.

கேள்வி: நாகர்கோவிலில் ஹார்டுவேர் கடை. மாதாமாதம் கடைசி நேரத்தில் ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்து, இரண்டு நாள் கடையைக் கவனிக்க முடியாமல் பில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

தேதி தெரிந்த வேலை உங்களை அவசரப்படுத்தக் கூடாது. பிறருக்குப் பணம் தரும்போது வருமான வரியாகப் பிடித்த டி.டி.எஸ். தொகையை அடுத்த மாதம் 7-க்குள் கட்ட வேண்டும், மாதந்தோறும் தாக்கல் செய்பவராக இருந்தால் விற்பனை பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் 11-க்குள், பி.எஃப்., இ.எஸ்.ஐ. 15-க்குள், வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி 20-க்குள். கடைசியாகச் சொன்ன ஜிஎஸ்டிஆர்-3பி-யைத் தவறவிட்டால் வரி கட்ட வேண்டியவருக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணமும், கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் சேரும். ஜிஎஸ்டிஆர்-1 தாமதமானால் இன்னொரு தொல்லையும் உண்டு. வாங்குபவருக்காக 14-ஆம் தேதி உருவாகும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் உங்கள் பில் வராது; உங்களிடம் வாங்கிய கட்டட ஒப்பந்ததாரர் உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் சலுகை) கிடைக்கவில்லை என்று உங்களைத்தான் அழைப்பார்.

கொள்முதல் பில்லை வந்த அன்றே படமெடுத்து ஆடிட்டருக்கு அனுப்பும் பொறுப்பைக் கடையில் ஒருவரிடம் கொடுங்கள். ஆண்டு வணிகம் 5 கோடி ரூபாய்க்குள் இருந்தால், காலாண்டுக்கு ஒருமுறை கணக்குத் தாக்கல் செய்து மாதந்தோறும் வரியை மட்டும் கட்டும் முறை உங்களுக்கு ஒத்துவருமா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: பெரிய தொழிலதிபர்கள் நான்கு மணிக்கு எழுகிறார்களாமே? நானும் பழகிக்கொண்டேன். ஆனால் மதியம் தலை வேலை செய்வதில்லை. – கோவையிலிருந்து ஓர் இளைஞர்

எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்பதை எழுதவில்லையே! பத்துக்குப் பிறகு படுத்து நான்குக்கு எழுந்தால் ஆறு மணி நேரத்துக்கும் குறைவு. 2003-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 14 நாட்கள் இரவு ஆறு மணி நேரம் மட்டும் தூங்கியவர்களின் கவனத்திறன், ஓரிரு இரவுகள் அடியோடு தூங்காதவர்களின் அளவுக்குச் சரிந்தது. தாங்கள் அவ்வளவு சரிந்திருப்பதை அவர்கள் பெரும்பாலும் உணரவில்லை. உங்களுக்கு மதியமாவது தெரிகிறது, நல்லது. ஏழு மணி நேரத்தை முதலில் கணக்கில் வைத்துவிட்டு, பிறகு எழும் நேரத்தை முடிவு செய்யுங்கள்.

கேள்வி: கும்பகோணத்தில் எங்கள் பாத்திரக்கடையை நான் பொறுப்பேற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அப்பா இன்னமும் தினமும் கல்லாவில் உட்கார்கிறார். ஊழியர்கள் என்னிடம் கேட்டதை அவரிடமும் கேட்கிறார்கள். எடுத்த முடிவையே திரும்பத் திரும்பப் பேசுவதில் நாள் போய்விடுகிறது.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. இரண்டு பதில்கள் வரக்கூடிய இடத்தில், தமக்குச் சாதகமான பதில் கிடைக்கும் வரை எவரும் கேட்கத்தான் செய்வார்கள். அப்பாவைக் கடைக்கு வரவேண்டாம் என்று சொல்ல நினைக்காதீர்கள். பழைய வாடிக்கையாளர்கள் அவரைப் பார்க்கத்தான் வருகிறார்கள். பொருளைப் பிரித்துக்கொள்ளுங்கள். பித்தளை, வெண்கலக் கொள்முதலும் கல்யாணச் சீர்வரிசை வாடிக்கையாளர்களும் அவர் பொறுப்பில் இருக்கட்டும். ஸ்டீல், மின்சாதனங்கள், கடன், ஊழியர் விடுப்பு ஆகியவை உங்கள் பொறுப்பு. இந்தப் பிரிவினையை ஊழியர்களிடம் சொல்ல வேண்டியவர் நீங்கள் அல்லர், அவர்தான். அதன் பிறகு அவர் பக்கத்து முடிவு ஒன்று உங்களுக்குத் தவறாகப் பட்டாலும் கடையில் வைத்து மாற்றாதீர்கள். இரவு வீட்டில், சாப்பாட்டுக்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.